கொடைக்கானல்ல "சுண்ணாம்புக் குகை" காட்டுறேன்னு யாராவது கூப்பிட்டா போயிடாதீங்க

கொடைக்கானல் போறவங்க, முக்கியமா சின்னப் பிள்ளைங்களையும் வயசானவங்களையும் கூட்டிட்டுப் போறவங்க தயவுசெஞ்சு இத முழுசா படிச்சுட்டுப் போங்க. கொடைக்கானல் இருக்குற இந்தப் பழனி மலைத்தொடர்ல சுண்ணாம்புக் குகைன்னு ஒன்னு கிடையவே கிடையாது. ஆனா இருக்குன்னு சொல்லி ஜீப்ல ஏத்திட்டுப் போறாங்க. எங்க குடும்பத்துக்கு 8400 ரூபா போச்சு, காசு கூடப் பரவால்ல, எங்க அத்தை விழுந்து கை வீங்கிக் கிடந்தாங்க பாருங்க, அதான் எனக்கு இன்னும் ஆறல.

மே லீவுக்கு மதுரையில இருந்து நாங்களும் கொழுந்தனார் வீடும் சேர்ந்து போயிருந்தோம், இ-பாஸ் எடுத்து, ரூம் போட்டு எல்லாம் முறையாத்தான். காலையிலயே பைன் ஃபாரஸ்ட், பில்லர் ராக்ஸ், குணா குகைன்னு அந்த ரவுண்டு முடிச்சாச்சு. குணா குகையில உள்ள இறங்க விட மாட்டாங்க, வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு அந்த வேர் எல்லாம் பின்னிக் கிடக்குறதப் பாத்துட்டு வரணும், அது சரிதான், அங்க பாறை இடுக்குல விழுந்து எத்தனையோ பேர் செத்திருக்காங்க. ஆனா 2024ல குணா குகைய வச்சு "மஞ்சுமெல் பாய்ஸ்"ங்கிற மலையாளப் படம் வந்ததுல இருந்து பிள்ளைங்களுக்கு குகைக்குள்ள போகணும்னு ஒரே ஆசை, எங்க வீட்டுப் பிள்ளைங்களும் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டுத்தான் வந்துச்சுங்க. இந்த ஆசையத்தான் அவங்க பிடிச்சுக்குறாங்க.

ஏரிக்கிட்ட சோளம் வாங்கிட்டு நின்னப்ப ஒருத்தர் வந்தாரு. "என்னண்ணே, குணாவுல உள்ள விட்டாங்களா? விட மாட்டாங்க. நம்மகிட்ட வாங்க, சுண்ணாம்புக் குகை, உள்ளயே நடந்து போலாம், கலர் லைட் எல்லாம் போட்டிருக்கு, லிங்கம் தானா வளந்திருக்கு"ன்னு சொல்லி லேமினேட் பண்ணின போட்டோ நாலஞ்சு எடுத்து நீட்டினாரு. போட்டோ பாத்தா யாருக்கும் ஆசை வரும், அவ்ளோ பெரிய குகை, மேல இருந்து கல்லு விழுது விழுதா தொங்குது.

நாங்க கேக்க வேண்டியதெல்லாம் கேட்டோம். அத்தைக்கு முட்டி வலி, ஏறி இறங்க முடியாது, படி இருக்கான்னு நான் கேட்டேன். "கைப்பிடி வச்ச படிக்கா, எங்கம்மாவையே கூட்டிட்டுப் போயிருக்கேன்"ன்னாரு. பாரஸ்ட் பெர்மிஷன் இருக்கான்னு எங்க வீட்டுக்காரர் கேட்டாரு. "கவர்மெண்ட் அப்ரூவ்டு சார்". ஜீப்புக்கு 4500, வேற செலவு எதுவும் இல்லன்னு பேச்சு. கிளம்புறப்பதான் கவனிச்சோம், வண்டி வெள்ளை போர்டு. வாடகை வண்டின்னா மஞ்சள் போர்டு இருக்கணுமேன்னு கேட்டதுக்கு, "அது வொர்க்ஷாப்ல இருக்குண்ணே, இது நம்ம சொந்த வண்டி"ன்னு பதில். எதக் கேட்டாலும் ரெடியா ஒரு பதில் வச்சிருக்காங்க.

பூம்பாறை ரோட்டுல கொஞ்ச தூரம் போய், அப்புறம் மண் ரோட்டுல இறங்கி, யாரோட எஸ்டேட்டுன்னே தெரியல, கேட்டத் திறந்து உள்ள விட்டாங்க. அங்க ஒரு மேஜை போட்டு இன்னொருத்தர் உக்காந்திருக்காரு. என்ட்ரி ஆளுக்கு 350, சின்னப் பிள்ளைக்கும் அதே ரேட்டு, ஹெல்மெட்டும் டார்ச்சும் ஆளுக்கு 100, போன்ல படம் எடுக்க 300. எட்டு பேருக்கு 3900 ஆச்சு. ஜீபே கிடையாது, சிக்னல் இல்ல, கேஷ்தான். டிக்கெட் கேட்டா ஒரு துண்டுச் சீட்டுல ரப்பர் ஸ்டாம்ப் அடிச்சுக் குடுக்குறாரு, அதுல "நன்கொடை"ன்னு இருக்கு. பேரு இல்ல, ஊரு இல்ல, நம்பர் இல்ல. நன்கொடைன்னு போட்டுட்டா நாளைக்கு நாம போய் என்னன்னு கேக்குறது?

இப்ப அந்தக் குகையச் சொல்றேன். ரெண்டு பெரிய பாறைக்கு நடுவுல ஒரு சந்து. மேல தகரம் போட்டு மூடி, உள்பக்கம் சிமெண்ட் பூசி, சிமெண்ட்லயே விழுது மாதிரி செஞ்சு தொங்க விட்டு பெயிண்ட் அடிச்சிருக்காங்க. என் பையன் தொட்டுப் பாத்தான், கையில வெள்ளை ஒட்டிக்கிச்சு. ஒரு விழுதோட நுனி உடைஞ்சு போயிருந்துச்சு, டார்ச் அடிச்சுப் பாத்தா உள்ள கோழி வலை, அத கட்டுக்கம்பி போட்டு முறுக்கி வச்சிருக்காங்க. சொட்டு சொட்டா தண்ணி விழுதேன்னு பாத்தா தகரத்துக்குக் கீழ பச்சை ஓஸ் ஓடுது, அதுல ஊசியால குத்துன மாதிரி ஓட்டை. ஒரு சிவப்பு லைட்டு ஒரு நீல லைட்டு. மொத்தமே இருபது அடி இருக்கும், அவ்ளோதான் குகை.

இதுக்குத்தான் அத்தைய அந்தச் சரிவுல இறக்கினோம். கைப்பிடின்னு சொன்னது மரத்துக்கு மரம் கட்டின நைலான் கயிறு, படின்னு சொன்னது மண்ண வெட்டி விட்டிருக்காங்க, ஓஸ் தண்ணி ஓடி ஓடி அதுவும் சேறு. திரும்ப ஏறுறப்ப வழுக்கி கைய ஊனி விழுந்துட்டாங்க. இத விட பயங்கரம் என்னன்னா, அந்தச் சந்தோட கடைசியில ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனரக் கட்டி மறைச்சிருக்காங்க, கொழுந்தனாரோட சின்னப் பொண்ணு அதத் தூக்கிட்டு எட்டிப் பாக்குறா, அந்தப் பக்கம் பாறை வெடிப்பு, டார்ச் அடிச்சா அடி தெரியல. புள்ள சட்டையப் பிடிச்சு இழுத்தது நான்தான், அத நினைச்சா இப்பவும் கை நடுங்குது. வேலி இல்ல, போர்டு இல்ல, ஒரு ஆள் நிக்கல.

மேல வந்து காச திருப்பிக் குடுங்கன்னு கேட்டோம். அதுவரைக்கும் அண்ணே அக்கான்னு பேசின ஆளு, "ஏறுறதுன்னா ஏறுங்க, இல்லன்னா நடந்து வாங்க, இருட்டினா காட்டுமாடு வரும்"னாரு. மழைத் தூறல், போன்ல ஒரு கோடு சிக்னல் கூட இல்ல, கை வீங்கின வயசானவங்களையும் பிள்ளைங்களையும் வச்சுக்கிட்டு என்ன பண்றது, ஏறித்தான் வந்தோம். ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறியலன்னு சொன்னப்புறம்தான் மூச்சு வந்துச்சு.

எங்க அக்கா வீடு விசாகப்பட்டினத்துல. நான் போன்ல எடுத்து வச்சிருந்த அந்த லேமினேட் போட்டோவ அனுப்பினேன், பாத்த உடனே அத்தான் சொல்லிட்டாரு, இது போரா குகை, அரக்கு போற வழியில இருக்கு, ஆந்திரா டூரிசம் லைட் போட்டு நடத்துறாங்கன்னு. வேற மாநிலத்துக் குகையோட படத்தக் காட்டித்தான் ஜீப்ல ஏத்தியிருக்காங்க.

எங்க தெருவுல காலேஜ்ல ஜியாலஜி எடுத்து ரிட்டயர் ஆன சார் ஒருத்தர் இருக்காரு. அவர் சொன்னத அப்படியே சொல்றேன், இது தெரிஞ்சிருந்தா யாரும் ஏமாத்த முடியாது. மழைத் தண்ணி காத்துலயும் மண்ணுலயும் இருக்குற கார்பன் டை ஆக்சைட இழுத்துக்கிட்டு லேசான அமிலமா மாறும், சுண்ணாம்புக்கல் அதுல கரையும், அப்படிக் கரைஞ்சு கரைஞ்சுதான் உள்ள குகை உண்டாகுது. கரைஞ்ச தண்ணி கூரையில இருந்து சொட்டுறப்ப அந்தச் சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமா படிஞ்சு விழுதா வளருது, பொதுவா ஒரு விரல் நீளம் வளரவே நூத்துக்கணக்கான வருஷம் ஆகும்ங்கிறாரு. பழனி மலையும் நீலகிரியும் பெரும்பாலும் சார்னோக்கைட்ங்கிற கெட்டிப் பாறை, சென்னையில பரங்கிமலை இருக்குல்ல, அதே வகை. அது இப்படிக் கரையாது, வெடிப்பு விடும், வெடிப்பு அகலமாகும், பாறை உருண்டு மேல உக்காரும். குணா குகையும் இதே மாதிரி பாறை இடுக்குதான், சுண்ணாம்புக் குகை இல்ல. நம்ம ஊர்ல சுண்ணாம்புக்கல் வேணும்னா அரியலூர், பந்தல்குடி, தாழையூத்துன்னு சிமெண்ட் ஃபாக்டரி இருக்குற பக்கம் பாக்கணும், மலை மேல இல்ல.

பிள்ளைங்களுக்கு நிஜமாவே காட்டணும்னா போரா போங்க, விசாகப்பட்டினத்துல இருந்து கிரண்டுல் ரயில்ல ஏறினா போரா குகலுன்னு ஸ்டேஷனே இருக்கு. இல்லன்னா பேலம், ஆந்திராவுல நந்தியால் மாவட்டம், மூணு கிலோமீட்டருக்கு மேல அளந்திருக்காங்க, அதுல ஒன்றரை கிலோமீட்டர் வரைக்கும் நடந்து பாக்கலாம், 2002ல இருந்து திறந்து விட்டிருக்காங்க. உள்ள புழுக்கமா இருக்கும், வயசானவங்களக் கூட்டிட்டுப் போனா நிதானமாப் போங்க.

கொடைக்கானல்ல எந்த இடத்துக்குப் போனாலும் பாரஸ்ட் கவுண்டர்லயோ டூரிசம் ஆபீஸ்லயோ ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க. வண்டி ஏறும் முன்னாடி நம்பர் பிளேட்ட போட்டோ எடுத்து ஊர்ல இருக்குற யாருக்காவது அனுப்பிடுங்க. நாங்க அப்படி எடுத்து வச்ச போட்டோவையும் அந்த நன்கொடைச் சீட்டையும் எக்ஸ்ரே பில்லையும் சேத்து போலீஸ்ல மனு குடுத்து சிஎஸ்ஆர் காப்பி (மனு வாங்கிக்கிட்டதுக்கு அவங்க குடுக்குற ரசீது) வாங்கியிருக்கோம், வனத்துறைக்கும் தனியா எழுதியிருக்கோம். இதே ஆளுங்ககிட்ட மாட்டினவங்க கண்டிப்பா வேற யாராவது இருப்பீங்க. ஒரே ஒரு மனுன்னா அப்படியே கிடந்துரும், அதனால நீங்களும் ஒரு மனு குடுங்க, அந்த ஃப்ளெக்ஸுக்குப் பின்னாடி இருக்குற வெடிப்பப் பத்தி மறக்காம எழுதுங்க.