உப்புக்காற்றில் சான்றிதழ் நாணயங்கள்: ஏலப் பட்டியல் சொல்லாமல் விடும் குறைகள்

தரச் சான்றிதழோடு பிளாஸ்டிக் உறையில் அடைக்கப்பட்டு வரும் நாணயங்களை, சேகரிப்பாளர்கள் ஸ்லாப் என்று சொல்பவற்றை, இராமநாதபுரத்தில் இருந்துகொண்டே பல ஆண்டுகளாக ஏலங்களில் வாங்கி வருகிறேன். அவ்வப்போது சிலவற்றை விற்பதும் உண்டு. பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய்களும் விக்டோரியா காலத்து இலங்கைச் செப்புச் சதங்களும்தான் என் சேகரிப்பில் பெரும்பகுதி. ஒரு பக்கத்தில் தாளிப்பனை மரமும் அதன் அருகே தமிழ் எழுத்தும் பொறித்த அந்தச் சதங்கள், பாக் நீரிணையைக் கடந்து வியாபாரத்துக்குப் போய்வந்த குடும்பங்களின் பழைய பெட்டிகளில் இக்கரையில் இன்னும் கிடைக்கின்றன.

ஏல அரங்குகள் பெரும்பாலும் பெருநகரங்களில் இருப்பதால், கீழக்கரையிலோ மண்டபத்திலோ இருப்பவர் நாணயத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு விலை கேட்பது அரிது. படத்தையும் பட்டியலில் உள்ள நான்கு வரிகளையும் நம்பித்தான் பணத்தைக் கட்டுகிறோம். போலி நாணயத்திலிருந்து காப்பதில் ஸ்லாப் எனக்கு நல்ல துணையாகவே இருந்திருக்கிறது. அந்த அளவில் அதை யாருக்கும் பரிந்துரைப்பேன். ஆனால் குறைகளைச் சொல்லவேண்டிய கடமை ஸ்லாப் வந்ததும் விற்பவரின் தோளிலிருந்து இறங்கிவிட்டது என்று பல ஏல நிறுவனங்கள் நடந்துகொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

உறையின் மேல் உள்ள எண் எதைச் சொல்கிறது என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. வில்லியம் ஷெல்டன் 1949இல் அமெரிக்கப் பெரிய செப்புச் சென்டுகளுக்காக வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோலையே, 1986இல் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., 1987இல் தொடங்கிய என்.ஜி.சி. ஆகிய நாணயத் தரமிடும் நிறுவனங்கள் இன்றும் பின்பற்றுகின்றன. 60இலிருந்து மேலே இருப்பவை புழக்கத்துக்குப் போகாத நாணயங்கள். எண் என்பது எல்லாக் குறைகளையும் நிறைகளையும் கூட்டிக் கழித்துப் போட்ட ஒரே மதிப்பெண். ஒரு ரூபாய்க்கு 62 கிடைத்தது உருவத்தைச் சுற்றியுள்ள வெறும் பரப்பில் பரவிய மெல்லிய கீறல்களாலா, அல்லது மன்னரின் கன்னத்தில் விழுந்த ஒரே ஓர் ஆழமான அடியாலா என்பதை அந்த எண் சொல்லாது. சேகரிப்பாளருக்கோ இரண்டும் ஒன்றல்ல. கன்னத்தில் அடிபட்டதை நான் வாங்கவே மாட்டேன்.

எண் கொடுக்க முடியாத அளவுக்குக் குறை இருந்தால் அந்நிறுவனங்கள் ‘டீட்டெயில்ஸ்’ என்று எழுதி, கழுவப்பட்டது, கீறப்பட்டது, வளையம் நீக்கப்பட்டது என்று காரணத்தையும் உறைக்குள் இருக்கும் சீட்டிலேயே அச்சிடுகின்றன. இது நேர்மையான ஏற்பாடு. அந்த நேர்மை ஏலப் பட்டியலுக்கு வந்து சேர்வதில்லை என்பதுதான் வருத்தம். 1911ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஒன்றை ஓர் ஏலத்தில் எடுத்தேன். மன்னரின் மேலங்கியில் உள்ள யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்து, மறு ஆண்டே உருவம் திருத்தப்பட்டதால் பெயர்பெற்ற நாணயம் அது. பட்டியலில் ‘ஏ.யூ.’, அதாவது ஏறக்குறையப் புழங்காதது, என்ற தரம் மட்டும் இருந்தது. படத்தில் நாணயம் மட்டும் இருந்தது, சீட்டு வெட்டப்பட்டிருந்தது. பார்சலைப் பிரித்தபோது சீட்டில் ‘ஏ.யூ. டீட்டெயில்ஸ், வளையம் நீக்கப்பட்டது’ என்று இருந்தது.

காசுமாலையிலும் பதக்கத்திலும் கோத்த ரூபாய்கள் நம் வீடுகளில் ஏராளம் என்பதால் இந்தக் குறையைப் பார்க்கத் தெரிந்திருப்பது அவசியம். கீழக்கரையில் எனக்கு இந்தத் துறையைப் பழக்கிய மூத்த சேகரிப்பாளர் ஒருவர், நான் காக்கா (அண்ணன்) என்று அழைப்பவர், “கடிகாரத்துல பன்னிரண்டு இருக்கிற இடத்த முதல்ல பாருங்க தம்பி” என்பார். அந்த ரூபாயிலும் கிரீடத்துக்கு நேர் மேலே, விளிம்பை ஒட்டிய சிறு பற்கள் மூன்று நான்கு உருகி ஒன்றாகிக் கிடந்தன. பற்றவைத்த ஈயம் சுற்றியுள்ள வெள்ளியைவிட மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரு நகக்கண் அளவுக்குப் படிந்திருந்தது. உறைக்குள் நாணயத்தைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் பல் ஒன்று சரியாக அதன் மேலேயே அமர்ந்திருந்ததால், லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துச் சாய்த்துப் பார்த்தால்தான் முழுதாகத் தெரிந்தது. சீட்டு மட்டும் படத்தில் இருந்திருந்தால் இவ்வளவு ஆராய்ச்சிக்கே வேலை இருந்திருக்காது. நிறுவனத்துக்கு எழுதியபோது, சான்றிதழ் பெற்ற லாட்டுகள், அதாவது ஏலப் பொருள்கள், எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்படாது என்ற விதியைக் காட்டினார்கள்.

கழுவிய காசு இன்னொரு பெரிய விஷயம். வெள்ளியை விபூதி போட்டும் செம்பைப் புளி போட்டும் துலக்குவது நம் வழக்கம். விளக்குக்கு அது அழகு, நாணயத்துக்கோ அச்சடித்தபோது வந்த இயல்பான மினுமினுப்பை அது நிரந்தரமாகத் துடைத்துவிடுகிறது. விபூதியின் நுண்துகள்கள் போட்ட கோடுகள் ஒரே திசையில் இழைஇழையாக ஓடும். பட்டியலுக்குப் படம் எடுப்பவர்கள் நேர் மேலிருந்து, பரவலான வெளிச்சத்தில் எடுப்பதால் இவை மறைந்துபோகின்றன. ஒற்றை விளக்கின் கீழ் சாய்த்துப் பிடித்தால் வெளிப்பட்டுவிடும். சாய்த்து எடுத்த ஒரே ஒரு படம் வேண்டும் என்று கேட்டால் நல்ல நிறுவனங்கள் அனுப்புகின்றன என்பதையும் சொல்லவேண்டும்.

சான்றிதழ் என்பது நாணயத்தை ஒரு நாள் பார்த்து எழுதிய குறிப்பு. இந்தக் கடற்கரையில் அந்த நாளுக்குப் பிறகு நடப்பதும் கணக்கில் வரவேண்டும். ஸ்லாப்பின் இரண்டு பாதிகளும் இறுக ஒட்டப்பட்டிருந்தாலும் அது காற்றுப்புகாத பெட்டி அல்ல. 1940 முதல் 1945 வரை அடித்த ரூபாய்களில் 50 சதவீதம்தான் வெள்ளி; 40 சதவீதம் செம்பு, மீதி நிக்கலும் துத்தநாகமும். அதற்கு முந்தைய 91.7 சதவீத வெள்ளி ரூபாய் காலப்போக்கில் ஒரே சீராகக் கருமை ஏறும்போது, செம்பு மிகுந்த இந்தக் கலவை ஈரப்பதத்துக்கும் உப்புக்கும் வேறு விதமாக இடம் கொடுக்கிறது. என்னிடம் உள்ள 1942ஆம் ஆண்டு ரூபாய் ஒன்று வாங்கியபோது சுத்தமாக இருந்தது. சில வடகிழக்குப் பருவமழைகள் போன பின், ஆண்டு எண்ணின் கடைசி இலக்கத்துக்குக் கீழே கடுகளவில் ஒரு பச்சைப் புள்ளி வந்துவிட்டது. சீட்டில் இன்றும் அதே எண்தான் இருக்கிறது. வைத்திருக்கும் சூழலால் பின்னாளில் வரும் மாற்றங்களுக்குத் தர நிறுவனங்களின் உத்தரவாதம் பொருந்தாது. செப்புச் சதங்களின் நிலை இன்னும் மோசம். உப்பின் குளோரைடு பற்றிக்கொண்டால் வெளிர்பச்சைத் தூளாக உதிரும் அரிப்பு தொடங்கி, உலோகத்தைத் தின்றுகொண்டே போகும்.

நமக்கு மட்டுமே உரிய சட்டச் சிக்கல் ஒன்றும் உண்டு. தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம், 1972இன்படி நூறு ஆண்டுக்குக் குறையாத பழமை கொண்ட நாணயம் தொல்பொருள். அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. எனவே உறைக்குள் கழுவிய காசு தவறான தரத்தோடு வந்துவிட்டது என்று தோன்றினாலும், விக்டோரியா ரூபாயைத் தரமிட்ட வெளிநாட்டு அலுவலகத்துக்கே அனுப்பி மறுபரிசீலனை கேட்பது நம்மால் ஆகாத காரியம். மேற்கத்திய சேகரிப்பாளருக்கு இருக்கும் இரண்டாவது வாய்ப்பு நமக்கு இல்லாததால், ஏலத்துக்கு முன் குறையைச் சொல்வதொன்றே பாதுகாப்பு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 17ஆம் பிரிவு, தெரிந்த உண்மையை முனைந்து மறைப்பதை மோசடி என்கிறது; வெறும் மௌனத்தை, பேசவேண்டிய கடமை இல்லாதவரை, அப்படிச் சொல்வதில்லை. சீட்டை வெட்டிவிட்டுப் படம் போடுவது இந்த இரண்டில் எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது விலை கேட்கும் முன், சீட்டோடு சேர்த்து உறையின் இரு பக்கப் படங்களையும், இன்றைய நிலையில் புள்ளியோ பச்சையோ உண்டா என்பதற்கு எழுத்தில் பதிலையும் கேட்டு வாங்குகிறேன். சான்றிதழ் எண்ணைத் தர நிறுவனத்தின் பதிவில் போட்டு, அங்குள்ள படத்தோடு ஒப்பிடுவதும் கட்டாயம்; உண்மையான எண்ணைப் போட்ட போலி உறைகளும் சந்தையில் உலவுகின்றன. பதில் வராத லாட்டுக்கு நான் கை தூக்குவதில்லை. விற்கும்போதும் இதே முறைதான். அந்த 1942 ரூபாயை ஏலத்துக்குக் கொடுத்தபோது, தரமிட்ட பிறகு வந்த பச்சைப் புள்ளியின் இடத்தையும் அளவையும் எழுதிக் கொடுத்து, அதை அப்படியே பட்டியலில் அச்சிட வேண்டும் என்று நிபந்தனை வைத்தேன். உறையின் எண்ணே போதும், இதெல்லாம் விலையைக் கெடுக்கும் என்று ஏலக்காரர் சொன்னார். அச்சிடச் சம்மதிக்காததால் திரும்ப வாங்கிக்கொண்டேன். இப்போது அது சிலிகா ஜெல் பொட்டலங்களோடு இரும்புப் பீரோவில் இருக்கிறது, அந்த வரியை அச்சிடச் சம்மதிக்கும் ஏலம் கிடைத்தால் அங்கே போகும்.