குனு டிஃப்: பெயர் சற்றே மாறினால் கைவிரிக்கும் நல்ல கருவி

கோப்புகளுக்கிடையிலான வேறுபாடுகளைக் காட்டும் டிஃப் (diff) கட்டளை, 1974இல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஐந்தாம் பதிப்போடு வந்தது. கட்டற்ற மென்பொருள் திட்டமான குனு (GNU) தரும் அதன் வடிவத்தை, இரண்டு கோப்புறைகளில் உள்ள அமைவுக் கோப்புகளை ஒப்பிடச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். ‘-ஆர்’ (-r) தெரிவைக் கொடுத்தால் அது உட்கோப்புறைகள் வரை சென்று, ஒரே பெயருள்ள கோப்புகளைத் தானே இணைசேர்த்து வேறுபாடுகளைக் காட்டிவிடுகிறது. அந்த அளவில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் பெயரின் வால் (இறுதிப் பகுதி) மட்டும் மாறியிருந்தாலும், ‘இங்கு மட்டுமே உள்ளது’ என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறது.

ஆகவே இணைசேர்க்கும் வேலையை, கட்டளைகளை இயக்கும் நிரலான பாஷிடம்தான் (Bash) ஒப்படைக்க வேண்டியிருக்கிறது: கோப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கும் ஃபார் (for) சுழற்சிக்குள் ஒவ்வொரு பெயரின் வாலையும் % குறியால் நறுக்கி, மற்றொரு வாலை ஒட்டி, அப்படியொரு கோப்பு உண்டா என்று சோதித்த பின்பே டிஃப்பை அழைக்கலாம். பெயர்களைத் தாங்கும் மாறிகளை இரட்டை மேற்கோளுக்குள் இடாவிட்டால் இடைவெளியுள்ள பெயர்கள் உடைந்துவிடும் (இதை மறந்து ஒரு மாலையை இழந்தவன் நான்). வேறுபாடு இல்லையெனில் 0, இருந்தால் 1, சிக்கலெனில் 2 என்று டிஃப் திருப்பும் மதிப்பு, தானியங்கி நிரல்களுக்குப் பெரும் வசதி. பெயர்கள் ஒழுங்கின்றி மாறியிருந்தால், உள்ளடக்கம் குறைந்தது 50% ஒத்திருப்பதைக் கொண்டு இணை தேடும், கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டின் (Git) டிஃப்பையே நாடுவேன்.