அப்கிரேடு உரிமமா, முழு உரிமமா? ஒரு டிடிபி கடையின் நீண்ட கால அனுபவம்

பழைய வண்ணாரப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், விசிட்டிங் கார்டு ஆகியவற்றை வடிவமைத்துத் தரும் எங்கள் கடையில் இரண்டு டெஸ்க்டாப்கள் இருக்கின்றன. இரண்டும் ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கி அசெம்பிள் செய்தவை. விண்டோஸ் 7 விற்பனைக்கு வந்தபோது ஒன்றில் அப்கிரேடு உரிமத்தையும், மற்றதில் முழு சில்லறை உரிமத்தையும் போட்டோம். விலை வித்தியாசம் கணிசமாக இருந்ததுதான் இரண்டுக்கும் முழு உரிமம் வாங்காததற்குக் காரணம்.

அன்றாட வேலையில் இரண்டுக்கும் இம்மியளவும் வேறுபாடு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறுபாடு தெரிவது இரண்டே சமயங்களில்தான்: ஃபார்மேட் செய்யும்போதும், மதர்போர்டை மாற்றும்போதும்.

அப்கிரேடு உரிமம் தனித்து நிற்பதில்லை. அதற்கு அடியில் பழைய ஒரிஜினல் விண்டோஸ் ஒன்றின் உரிமம் இருந்தாக வேண்டும். எங்களிடம் இருந்தது எக்ஸ்பி. அதற்கு அடுத்து வந்த விஸ்டாவிலிருந்து 7-க்கு வந்தவர்களுக்கு மென்பொருள்கள் அப்படியே நிலைத்தன. எக்ஸ்பியிலிருந்து வந்தவர்களுக்கு அந்த வசதி இல்லாததால், பெயர்தான் அப்கிரேடே தவிர, தமிழ் எழுத்துரு முதல் பிரிண்டர் டிரைவர் வரை அனைத்தையும் புதிதாக ஏற்ற வேண்டியிருந்தது. பின்னர் ஒருமுறை வைரஸ் தொல்லையால் ஹார்டு டிஸ்க்கை முழுவதும் அழித்து டிவிடியிலிருந்து நேரடியாக நிறுவியபோது, நிறுவல் தடையின்றி முடிந்து, உரிமத்தைச் சரிபார்க்கும் ஆக்டிவேஷன் கட்டத்தில்தான் ‘இந்தக் கீ அப்கிரேடுக்கு மட்டுமே’ என்ற பொருளில் மறுப்பு வந்தது. மறுபடியும் எக்ஸ்பியை ஏற்றி, அதற்குள்ளிருந்து 7-இன் செட்டப்பைத் தொடங்கிய பிறகே கீ ஏற்கப்பட்டது. எக்ஸ்பியின் 25 எழுத்துக் கீயோ கேபினட்டின் பக்கவாட்டில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருந்தது. துடைத்துத் துடைத்து மூன்றாவது தொகுதி ஏறக்குறைய மறைந்துபோய், டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்துத்தான் படிக்க முடிந்தது. ஸ்டிக்கர் உள்ளவர்கள் இன்றே அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

மதர்போர்டு விஷயம் இதைவிடப் பெரியது. ராயபுரம், காசிமேடு பக்கமிருந்து வீசும் உப்புக்காற்று எங்கள் பகுதியில் இரும்புக் கேட்டையே அரிக்கும்போது, கேபினட்டின் பின்புறத் துளைகள் வழியாக உள்ளே போகாமல் இருக்குமா? லேன் போர்ட்டைச் சுற்றிப் பச்சை பூத்து, கெப்பாசிட்டர்களும் உப்பி, இரண்டு கணினிகளின் போர்டுகளும் சில ஆண்டு இடைவெளியில் கைவிட்டன. பழைய பிராசஸர் பொருந்தும் அதே சாக்கெட் போர்டு கடைகளில் கிடைக்காததால் பிராசஸரையும் ராமையும் சேர்த்தே மாற்ற வேண்டியதாயிற்று. உரிம விதிப்படி அது புதுக் கணினி. எக்ஸ்பியின் ஓஇஎம் உரிமம், அதாவது புதுக் கணினியோடு சேர்த்து விற்கப்படும் உரிமம், பழைய கணினியோடு கட்டுண்டது என்பதால், அதன்மேல் நின்ற அப்கிரேடு உரிமத்துக்குப் புதுக் கணினியில் அடித்தளம் இல்லாமல் போனது. முழு உரிமத்தை அப்படியே புதுப் போர்டுக்கு மாற்றி, ஆக்டிவேஷனுக்காக மைக்ரோசாஃப்டுக்குத் தொலைபேசியில் ஆறாறு எண்களாக ஒன்பது தொகுதிகளைப் படித்துச் சொல்லி, மதியத்துக்குள் வேலையைத் தொடங்கிவிட்டோம். அப்கிரேடு உரிமத்தால் ஆரம்பத்தில் மிச்சம் பிடித்த தொகை இந்த இடத்தில் போயே போய்விட்டது.

2013-இல் 8.1 வந்தது முதல் மைக்ரோசாஃப்ட் கடைகளுக்கென அப்கிரேடு பெட்டியைத் தனியாக விற்பதில்லை. ஆனால் கேள்வி ஓஇஎம்மா, சில்லறை உரிமமா என்று உருமாறி அப்படியே நீடிக்கிறது. கடைகளில் விசாரித்தால், “ரெண்டுமே ஒரிஜினல்தாண்ணா, வெலதான் வேற” என்பார்கள். அது பொய்யல்ல, எது அடுத்த கணினிக்குக் கூட வரும் என்பதை மட்டும் நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 2016-இல் வந்த பெரிய புதுப்பிப்புக்குப் பிறகு விண்டோஸ் 10-இன் டிஜிட்டல் உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துக்கொள்ளலாம். சில்லறை உரிமம் உள்ளவர்களுக்குப் போர்டு மாற்றிய பின் தொலைபேசியில் எண் படிக்கும் வேலையும் மிச்சம். விண்டோஸ் 7-இன் கீயைக் கொண்டே 10-ஐ ஆக்டிவேட் செய்துவந்த பழைய வழி 2023 செப்டம்பரில் அடைக்கப்பட்டுவிட்டது.

லேப்டாப் வாங்குபவர் இதற்காக அலட்டிக்கொள்ளத் தேவையில்லை. அதில் வரும் ஓஇஎம் போதும், கீயும் மதர்போர்டிலுள்ள பயாஸ் என்ற தொடக்க மென்பொருளிலேயே பதிந்திருக்கும். அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்பைப் பாகம் பாகமாக மாற்றிப் பல ஆண்டுகள் ஓட்டுபவர் முழு உரிமத்தையே வாங்கலாம். சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் விற்கும் கீகளை நான் தொடுவதில்லை. அவற்றில் பல, நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்த உரிமத்திலிருந்து கசிந்தவை. ஏற்கெனவே வாங்கியவர்கள், ரன் பெட்டியில் slmgr /dli எனத் தட்டினால் திறக்கும் சிறு சாளரத்தில், மொத்த உரிமத்தைக் குறிக்கும் ‘வால்யூம்’ (VOLUME) என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதியும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸரும் வேண்டும். எங்கள் இரண்டு டெஸ்க்டாப்களும் அதில் தேறாததால் அடுத்த போர்டுக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறோம். முன்பே 10-க்கு மாறிவிட்ட, முழு உரிமம் உள்ள கணினிக்கு மட்டும் வாங்க வேண்டியவற்றின் பட்டியலில் விண்டோஸ் என்ற வரி கிடையாது.