டபுள் பேஸை இடதுகைக்கு மாற்றும் வேலைக்கு முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள்

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இந்த வேலையைக் கொடுக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எனக்கு நொட்டாங்கைப் பழக்கம். வருஷக்கணக்கில் தேடி ஒரு பழைய டபுள் பேஸ் வாங்கினேன். வயலின் மாதிரியே, ஆனால் ஆள் உயரத்துக்கு நிற்கும் கம்பி வாத்தியம். செதுக்கிய ஸ்ப்ரூஸ் மேல்பலகை, அருமையான மரம். கம்பிகளை வரிசை மாற்றிப் பூட்டினால் இடதுகைக் கருவி ஆகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆகாது. உள்ளே, தடித்த இ கம்பியின் பக்கம், மேல்பலகையோடு நீளமாக ஒட்டிய பேஸ் பார் இருக்கும். மெல்லிய ஜி கம்பிப் பக்கம், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் காலுக்குச் சற்றுப் பின்னால், சவுண்ட் போஸ்ட் என்ற குச்சி பசையே இல்லாமல் வெறும் இறுக்கத்தில் நிற்கும். இரண்டும் பக்கம் மாற வேண்டும். அதற்கு மேல்பலகையையே கழற்றியாக வேண்டும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே, மாற்றும் வேலையை நான் கொடுத்த அந்தப் பட்டறைக்காரர்தான். அதுதான் வயிற்றெரிச்சல்.

கைவினை வேலைக்காரர்களைப் பிடித்துக் கொடுக்கும் ஒரு செயலி வழியாகக் கிடைத்த பழைய வாத்தியப் பட்டறை அது. போனதும் அடுப்பில் வஜ்ஜிரம், அதாவது விலங்குத் தோலில் காய்ச்சும் பசை, காய்ந்துகொண்டிருந்தது. அந்த வாடையிலேயே பாதி விழுந்துவிட்டேன். பல் டாக்டர் கண்ணாடி ஒன்றை மேல்பலகையில் இருக்கும் எஃப் வடிவ ஓட்டைக்குள் விட்டு, டார்ச் அடித்து, "பாருங்க தம்பி, இந்தக் கட்டையை மாத்தாம இடதுகைக்குச் செஞ்சு தர்றவன் வேலை தெரியாதவன்" என்றார். ஒருத்தர் இப்படிச் சொன்ன பிறகு சந்தேகப்படத் தோன்றுமா? மூன்று மாதச் சம்பளம். மொத்தத்தையும் அன்றைக்கே கொடுத்துவிட்டு வந்தேன்.

சொன்ன தேதிக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் கருவி வந்தது. பாலிஷ் பளபளத்தது. இ கம்பியை மீட்டினால் ஈரத் துணி போர்த்திய மாதிரி அமுங்கிய சத்தம், கூடவே விரலால் கம்பியை அழுத்தும் ஃபிங்கர்போர்டில் அடித்து ஒரு கர்கர். என் கருவியின் ஃபிங்கர்போர்டில் இ கம்பி முன்பு இருந்த பக்கம், அது இடிக்காமல் அதிர இடம் விட்டுத் தட்டையாகச் சீவியிருக்கும். அதை அப்படியே விட்டிருக்கிறார். இப்போது அந்தத் தட்டைமேல் ஜி கம்பி ஓடுகிறது.

போன் செய்தேன். "புதுக் கம்பி, இழுபடட்டும் தம்பி." அடுத்த வாரம்: "ஈரப்பதம்." அதற்கு அடுத்த வாரம்: "இடதுகையால வாசிச்சா அப்படித்தான் கேக்கும்." இதைக் கேட்டுவிட்டும் "சரிண்ணே" என்று போனை வைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

நேற்று நானே ஒரு பல் டாக்டர் கண்ணாடி வாங்கி உள்ளே விட்டேன். பேஸ் பார் பழைய இடத்திலேயே இருக்கிறது. அதன்மேல் தூசி, தூசிமேல் அறுபடாத ஒரு சிலந்திவலை. சவுண்ட் போஸ்டும் நகரவில்லை. விளிம்பில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்குக் கத்தி விட்ட தடம், அதில் வெள்ளைப் பசை வழிந்து காய்ந்திருக்கிறது. வஜ்ஜிரம் என்றால் சூடும் ஈரமும் காட்டிப் பிரித்துவிடலாம். இந்த வெள்ளைப் பசையைப் பிரிக்கும்போது மரநாரும் சேர்ந்து பிய்ந்து வரும். திறக்கப் பார்த்து, முடியாமல் ஒட்டி மூடியிருக்கிறார். மூன்று மாதச் சம்பளத்துக்குக் கம்பி மாற்றமும் பாலிஷும்!

செயலிக்காரர்களிடம் புகார் கொடுத்தேன். "பொருளைப் பெற்றுக்கொண்டதாக நீங்களே உறுதி செய்துவிட்டீர்கள், 7 நாள் அவகாசமும் முடிந்துவிட்டது" என்று ஒரே பதிலை மூன்று தடவை ஒட்டினார்கள். பட்டறை நம்பரில் இப்போது ரிங் மட்டும் போகிறது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், பொறுமை இல்லை. மேல்பலகை கழன்று கிடக்கும்போது நேரில் போய்ப் பாருங்கள், முடியாவிட்டால் படம் கேளுங்கள். பார் மாறியதைக் கண்ணால் பார்க்காமல் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். என்ன பசை என்று எழுதி வாங்குங்கள். பெற்றுக்கொண்டேன் என்று அழுத்தும் முன் கண்ணாடியை உள்ளே விட்டுப் பாருங்கள்.

இன்னொரு பட்டறையில் காட்டினேன். அந்த வெள்ளைப் பசையைப் பார்த்ததும் உச்சுக்கொட்டினார். அவர் கேட்பதும் கிட்டத்தட்ட மூன்று மாதச் சம்பளம்.