ஸ்டாட்ஸ்குரு: டொக்கு வைப்பதா, அடிப்பதா என்று தேடுகிறவர்களுக்கு

பலம் குறைந்த அணி டெஸ்ட்டில் டொக்கு வைத்து (ரன்னைத் தேடாமல் பந்தைத் தடுத்து) ஆட வேண்டுமா, அடித்து ஆட வேண்டுமா? இந்த வாதத்துக்கு ஈஎஸ்பிஎன் கிரிக்இன்ஃபோ தளத்தின் புள்ளிவிவரத் தேடல் பக்கமான ஸ்டாட்ஸ்குருவை விட நல்ல கருவி கிடையாது. இலவசம்தான். ஆனால் முதல் பட்டியலோடு நின்றுவிட்டால் தப்பான முடிவுக்குத்தான் வருவீர்கள்.

டெஸ்ட்டில் 'டீம்' பிரிவுக்குள் போய் அணி, எதிரணி, ஆட்டம் நடந்த நாடு, நான்காவது இன்னிங்ஸ் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, இன்னிங்ஸ் வாரியான பட்டியலைக் கேளுங்கள். முடிவு என்ற இடத்தில் எதையும் தொடாதீர்கள். 'வெற்றி' மட்டும் கேட்டால், அடிக்கப் போய்ச் சுருண்ட ஆட்டங்களெல்லாம் கண்ணில் படாது. அடித்து ஆடுவதே சரி என்று தோன்றிவிடும்.

ஆஸ்திரேலியாவில் இந்தியா ஆடியதைக் கேட்டால் 2021 ஜனவரியில் இரண்டு வரிகள் வரும். சிட்னியில் 131 ஓவரில் 5 விக்கெட்டுக்கு 334, டிரா. பிரிஸ்பேனில் 97 ஓவரில் 7 விக்கெட்டுக்கு 329, வெற்றி. ஓவருக்கு சுமார் 2.55, அடுத்தது 3.39. டொக்கு வைத்தால் டிரா, அடித்தால் வெற்றி என்றுதானே தெரிகிறது? ஸ்கோர்கார்டைத் திறங்கள். சிட்னியில் ரிஷப் பந்த், ஆஸ்திரேலியச் சுழல் பந்து வீச்சாளர் லயனைத் தூக்கித் தூக்கி அடித்து 118 பந்தில் 97 எடுத்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் விஹாரியும் (161 பந்தில் 23) அஸ்வினும் (128 பந்தில் 39) 40 ஓவருக்கு மேல் நின்றார்கள். பிரிஸ்பேனில் புஜாரா உடம்பெல்லாம் அடி வாங்கி 211 பந்தில் 56. அவர் ஒரு பக்கம் விக்கெட் விடாமல் நின்றார், இன்னொரு பக்கம் பந்த் 89 அடித்தார். ஒரே அணி, இரண்டு ஆட்டத்திலும் இரண்டு வேலையும் நடந்திருக்கிறது. யார், எப்போது என்பதுதான் கேள்வி. சராசரி ரன் வேகத்தில் அது தெரியவே தெரியாது.

விக்கெட் விழுந்த ஓவர்களையும் பாருங்கள். 80 ஓவர் முடிந்ததும் பந்து வீசும் அணி இரண்டாவது புதிய பந்தை எடுக்கலாம்; அதை ஒட்டி விக்கெட் போயிருந்தால் அந்தப் பந்தைச் சந்தேகப்படலாம். பிரிஸ்பேனில் புஜாரா கம்மின்ஸிடம் எல்பிடபிள்யூ ஆனது அப்படித்தான்.

2019-இல் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இலங்கை ஆடிய டர்பன் டெஸ்ட்டில் ஸ்டாட்ஸ்குரு சுத்தமாகக் கைவிட்டுவிடும். இலங்கை 9 விக்கெட்டுக்கு 226; இன்னும் 78 வேண்டும். கடைசி ஜோடி அதை எடுத்து முடித்தது. அதில் விஸ்வா பெர்னாண்டோ அடித்தது 6 மட்டும், 27 பந்தில். ஜோடியில் இன்னொருவரான குசல் பெரேரா ஸ்டிரைக்கை (பந்தைச் சந்திக்கும் முறையை) தன் கையிலேயே வைத்திருந்த விதத்தைப் பார்க்க, பந்துக்குப் பந்து வர்ணனையைத்தான் ஓவர் ஓவராகப் படிக்க வேண்டும். எந்தப் பந்தில் சிங்கிளை மறுத்தார், எந்தப் பந்தில் ஓடினார் என்பது அங்கேதான் இருக்கிறது. எனக்கு இந்தத் தளத்தில் பிடித்ததே அந்த வர்ணனைதான்.

குறைகளும் உண்டு. ஃபீல்டிங் நின்ற இடங்கள், விட்ட கேட்ச்கள் எதுவும் பட்டியலில் வராது. போனில் தேர்வுப் பெட்டிகளோடு மல்லுக்கட்ட வேண்டும், கணினியில் பாருங்கள். பழைய டெஸ்ட்கள் பலவற்றுக்கு, சந்தித்த பந்துகளின் கணக்கு இல்லை. 1979 வரை ஆஸ்திரேலியாவில் 8 பந்து ஓவர் இருந்தது. அந்த ஆட்டங்களை ஓவரை வைத்து ஒப்பிடாமல் பந்தை எண்ணி ஒப்பிடுங்கள்.