புரூன்ஸ், ஊர் வுல்லி பழைய தொகுப்பு: வாங்கலாமா?

ஸ்காட்லாந்தின் டன்டீ நகரத்திலிருந்து வரும் சண்டே போஸ்ட் பத்திரிகையில் 1936 மார்ச் 8 அன்று இரண்டு படத்தொடர்கள் ஒன்றாகத் தொடங்கின, புரூன்ஸ் என்கிற குடும்பத்தின் கதை ஒன்று, ஊர் வுல்லி (Oor Wullie, ‘நம்ம வில்லி’) என்கிற குறும்புச் சிறுவனின் கதை இன்னொன்று. இன்றுவரை இரண்டும் வந்துகொண்டிருக்கின்றன. நான் வாங்கியது இந்த வருடத்து மலர் இல்லை. நாற்பதுகள், ஐம்பதுகளில் வந்த பக்கங்களைத் திரட்டிக் கெட்டி அட்டை போட்ட தொகுப்பு, பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைத்தது.

சிரிப்புக்காக மட்டும் வாங்கினால் இருபது பக்கத்தில் அலுத்துவிடும். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து ஆரம்பிக்கும் வுல்லி அதே வாளிமேல்தான் வந்து முடிப்பான், நடுவில் போலீஸ்காரர் மர்டாக் துரத்துவார், அவ்வளவுதான். ஆனால் கட்டத்தின் ஓரங்களைப் பார்த்துப் படித்தால் கதையே வேறு.

புரூன்ஸ் குடும்பத்தின் வீடு கிளீப் தெரு, 10ஆம் எண், அடுக்குக் குடியிருப்பு. அம்மா, அப்பா, எட்டுப் பிள்ளைகள், போதாக்குறைக்கு அடிக்கடி வந்து உட்கார்ந்துகொள்ளும் தாத்தா. மகள் மேகியைப் பார்க்க வசதியான இடத்துப் பையன் வருகிறான் என்றால் வீடே ரகளைப்படும், வழுக்கைத் தலையும் பெரிய மீசையுமாகக் கரி அடுப்புப் பக்கத்து நாற்காலியில் சாய்ந்திருக்கும் அப்பாவை எங்கே ஒளிப்பது, இரட்டையர்களின் வாயை யார் அடைப்பது என்று. இட நெருக்கடியும் வர்க்கக் கூச்சமும் பிரசங்கமே இல்லாமல் ஒரு பக்கத்துக்குள் வந்துவிடுகின்றன.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஸ்காட்லாந்தின் பெருநகரமான கிளாஸ்கோ இந்த மாதிரிக் குடியிருப்புகளைத் தெருத் தெருவாக இடித்துவிட்டு மக்களை ஈஸ்டர்ஹவுஸ், காசில்மில்க் என்று ஊர் எல்லைக்கும் ரெட் ரோடு மாதிரி அடுக்குமாடிகளுக்கும் அனுப்பியது. புரூன்ஸ் குடும்பம் மட்டும் நகரவே இல்லை. அந்த ரெட் ரோடு கோபுரங்களும் 2015க்குள் தரைமட்டமாகிவிட்டன, கிளீப் தெரு வீட்டில் இன்னமும் சண்டை நடக்கிறது. இதை ஏக்கம் என்று சொல்பவர்கள் உண்டு, எனக்கென்னவோ இது ஒருவகை மறுப்பாகத்தான் படுகிறது.

சுற்றுச்சூழல் என்று யாரும் வாயைத் திறப்பதில்லை. ஆனால் வுல்லி தெருவிலிருந்து நடந்தே ஓடைக்குப் போய் ஜாம் பாட்டிலில் மீன்குஞ்சு பிடிக்கிறான், பழைய சக்கரத்தையும் பலகையையும் சேர்த்து வண்டி கட்டுகிறான். புரூன்ஸ் குடும்பம் மொத்தமாக மூட்டை கட்டிக்கொண்டு பட் அன் பென் என்கிற கிராமத்துக் குடிசைக்குக் கிளம்பும். நகரத்துப் புகையும் மலைக்காற்றும் ஒரே புத்தகத்தில் அடுத்தடுத்து வரும்போது எதுவும் சொல்லத் தேவையில்லை.

குறையும் உண்டு. புரூன்ஸ் வீட்டு இன்னொரு மகள் டாஃப்னியின் உடம்பை வைத்து இத்தனை கேலி தேவையா? அம்மா அடுப்படியை விட்டு வெளியே வருவதே அபூர்வம். இதை வெளியிடும் டி.சி. தாம்சன் பிரிட்டனின் 1926 பொது வேலைநிறுத்தத்துக்குப் பிறகு நெடுங்காலம் தொழிற்சங்கத்தை உள்ளே விடாத நிறுவனம், அதனால்தானோ என்னவோ உழைப்பாளிக் குடும்பத்துக் கதையில் சங்கம் என்ற பேச்சே என் கண்ணில் படவில்லை. கொஞ்சம் காரம் வேண்டுமென்றால் ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள ஹெப்ரிடீஸ் தீவு வாழ்க்கையை வைத்து யூவன் பெயின் வரைந்த ஆங்கஸ் ஓக் தொடரைத் தேடுங்கள்.

பேச்செல்லாம் ஆங்கிலத்துக்கு நெருங்கிய ஸ்காட்ஸ் மொழி, ஆங்கிலம் தெரிந்தவர் வாய்விட்டுப் படித்தால் பாதிக்கு மேல் புரியும்.

வாங்குவதாக இருந்தால் டட்லி வாட்கின்ஸ் வரைந்த காலத்துத் தொகுப்பாகப் பார்த்து வாங்குங்கள். மனிதர் மான்செஸ்டர் பக்கம் பிறந்து நாட்டிங்ஹாமில் வளர்ந்த ஆங்கிலேயர், ஆனால் ஸ்காட்லாந்துச் சமையலறையை அவர் அளவுக்கு வரைந்தவர் யாரும் இல்லை. 1969இல் அவர் இறந்த பிறகு வேறு ஆள் கிடைக்காமல் ஏழு வருடம் அவருடைய பழைய பக்கங்களையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். 1946 முதல் படத்தில் கையெழுத்தும் போட ஆரம்பித்தார், அதனால் கடையில் நின்றபடியே புரட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம்.