த ஃபவுண்டன் (2006): சாகாமல் இருக்க மரம் தேடிப் போனவன்

படம் வந்து எத்தனையோ வருசமாகிவிட்டது, ஆனால் எங்கள் வன்னிப் பக்கம் இதைப் பற்றி ஒருவரும் கதைத்து நான் கேட்டதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். டரன் அரனோவ்ஸ்கி இயக்கியது, ஹியூ ஜக்மனும் ரேச்சல் வைஸும் நடித்தது. 96 நிமிடம்தான், அதற்குள் மூன்று கதை ஓடுகிறது. ஸ்பெயின் அரசிக்காக மாயர்களின் காட்டுக்குள் சாகாவரம் தரும் மரத்தைத் தேடிப் போகும் போர்வீரன் ஒருவன். மூளையில் கட்டி வந்த மனைவி இஸியைக் காப்பாற்ற, ஆய்வுகூடத்தில் குரங்குகளுக்கு ஒபரேசன் செய்து மருந்து தேடும் டொமி என்கிற டொக்டர். பிறகு, பட்டுக்கொண்டு வரும் மரம் ஒன்றோடு குமிழிக்குள் இருந்தபடி விண்வெளியில் போகிற மொட்டைத்தலை மனிதன். மூன்றும் ஒரே ஆளா, அல்லது இதில் பாதி அந்த மனைவி எழுதும் கதையா என்பதைப் படம் உடைத்துச் சொல்லாது. தொடக்கத்தில் தலை சுற்றும், பாதியில் நிப்பாட்டிவிடாதீர்கள்.

என்னை இருத்தி வைத்தது ஒரு சின்ன இடம்தான். வருசத்தின் முதல் பனி கொட்டுகிறது, இஸி ஆய்வுகூடத்துக்கே வந்து நடந்துவிட்டு வருவோம் வா என்கிறாள், டொமிக்கு நேரமில்லை. அவளுக்காகத்தான் அவன் ராவு பகலாக உழைக்கிறான், அந்த உழைப்பே அவளோடு இருக்கவேண்டிய நேரத்தைத் தின்கிறது. இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் நெஞ்சு கனக்கும். சாவும் ஒரு வியாதிதான், அதற்கும் மருந்து உண்டு என்கிறான் அவன். அவளோ பயம் தெளிந்து, சாவை ஏற்றுக்கொள்வதில் அவனுக்கு முன்னே போய்விட்டாள்.

தெல்லிப்பழை, மகரகம கான்சர் ஆஸ்பத்திரிகளுக்கு நோயாளியைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் அலைந்த வீட்டுக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்கள் மாமி படுக்கையில் கிடந்த காலத்தில் மாமா, இன்ன மரத்துப் பட்டையை அவித்துக் கொடுத்தால் கட்டி கரையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு முல்லைத்தீவுப் பக்கம் காடு காடாகத் திரிந்தார். மாமி கேட்டதெல்லாம், இந்த வருசம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ என்பதுதான். சுகமாகட்டும், வாற வருசம் போவம் என்றார். மாமாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, டொமியையும் அப்படித்தான் பார்த்தேன்.

படம் எடுக்கப்பட்ட கதையும் சும்மா இல்லை. முதலில் பிராட் பிட்டை வைத்து 7 கோடி டொலரில் எடுக்க இருந்து, 2002 இல் அவர் விலகியதும் எல்லாம் கவிழ்ந்தது. அரனோவ்ஸ்கி விடவில்லை, திரைக்கதையைச் சுருக்கி அதில் பாதிக் காசில் எடுத்து முடித்தார். விண்வெளிக் காட்சிகளில் பெரும்பகுதி கணினியில் வரைந்ததும் இல்லை. சின்னக் கிண்ணத்தில் இரசாயனங்கள் ஒன்றோடொன்று கலந்து கொதித்துப் பரவுவதைப் பெருப்பித்துப் படம்பிடித்திருக்கிறார்கள். அந்தப் பொன்னிறம் இன்றைக்கும் பழசாகவில்லை. கிளின்ட் மான்செல்லின் இசை கடைசிப் பகுதியில் மெல்ல மெல்ல ஏறிப் போகும்போது மூச்சு விட மறந்துவிடும்.

இஸி ஒரு கதை சொல்வாள். செத்துப்போன தகப்பனின் புதைகுழியில் மகன் விதை நடுகிறான், அது மரமாகிறது, தகப்பன் மரத்துக்குள் போய், பூவாகி, பழம் தின்ற குருவியோடு பறந்துவிட்டார் என்று மகன் நம்புகிறான். கார்த்திகையில் போரில் இழந்த பிள்ளைகளை நினைவுகூர்ந்துவிட்டுத் தென்னங்கன்றோ மாங்கன்றோ கையில் வாங்கி வந்து வளவில் நட்டு, அதற்குத் தண்ணீர் ஊற்றுகிற தாய்மாரைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இந்த இடம் வேற்று நாட்டுக் கதை மாதிரி இல்லை.

குறையும் இருக்கிறது. இஸி எந்நேரமும் சாந்தமாகவே இருக்கிறாள், நோவு கண்ட ஆளின் எரிச்சல், அழுகை, கோபம் ஒன்றும் பெரிதாக இல்லை. அவளை இன்னும் மனுசியாகக் காட்டியிருக்கலாம். இன்னொன்று, சாவை ஏற்றுக்கொள் என்று படம் சொல்வதற்கு ஒரு கட்டில் வேண்டும், பிடிக்க ஒரு கை வேண்டும், விதை நட ஒரு குழி வேண்டும். 2017 மாசியில் இருந்து கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களோடு குந்திய அம்மாமாருக்கு அந்த மூன்றில் எதுவும் கிடைக்கவில்லை. அவர்களிடம் போய் இந்தப் படத்தின் முடிவை ஆறுதலாகச் சொல்ல என்னால் முடியாது. அரனோவ்ஸ்கி அந்தச் சாவைப் பற்றி எடுக்கவில்லை, அது அவருடைய பிழையும் இல்லை, ஆனால் வன்னியில் இருந்து பார்க்கிறவருக்கு இது உறைக்கும்.

போனில் பார்க்காதீர்கள், பாதிப் படம் இருட்டு, ஒன்றும் விளங்காது. இரவில் லைற்றை நூத்துவிட்டு, கொஞ்சம் பெரிய திரையில், நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள். வருத்தக்காரர் இருக்கிற வீட்டில் என்றால் அவரோடு சேர்ந்து பார்க்கவேண்டாம். அவரைப் பராமரிக்கிற ஆள் மட்டும் தனியே இருந்து பார்க்கட்டும், பார்த்து முடித்ததும் வருத்தக்காரரிடம் போய் என்ன ஆசை என்று கேட்கட்டும்.